இடது கன்னம்

கன்னம் மரத்துக்கொண்டு வந்தது.

முதலில் காதோரம். பிறகு தழும்பின் வழியே இறங்கி உதட்டோரம் வரை.

விரலால் தொட்டுப் பார்த்தாள். மரத்துப்போகத் தடவிய கிரீமுக்கு மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள் வழுக்கியது. வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருந்தது.

மார்கழியில் இழுக்கும் இடம் அது. கொட்டாவி விட்டால் இழுக்கும். சிரித்தால் இழுக்கும்.

இப்போது ஒன்றுமில்லை.

அவளுடைய கணவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய கைப்பை. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தார்.

சற்று முன் அவள் கையிலிருந்து எடுத்த ரத்தம் மேசைமேல் சிறிய இயந்திரத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தது. சுழன்று நின்றதும் மேலே மஞ்சளாக நீர் தெளியும். அதை ஊசியில் எடுத்துத் தழும்பில் போடுவார்கள். கீழே புதுத் தோல் கிளம்பும். அடுத்தடுத்து வந்து போட்டுக்கொண்டால் மங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அவளுக்கு இது வேண்டியிருக்கவில்லை.

அவர்தான் கேட்டார்.

"நம்ம பொண்ணு வேனிலோட கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிரலாம். எனக்காக."

எனக்காக என்றதும் அவளால் மறுக்க முடியவில்லை. பாவம், பார்த்துப் பார்த்து மனசு நொந்துபோயிருப்பார் என்று நினைத்தாள்.

பல வருஷத்துக்கு முன், வீட்டை மீறித் தாலி கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அவளுடைய அண்ணன் வந்தான். அரிவாள் அவர் கழுத்தைப் பார்த்துத்தான் இறங்கியது. நடுவில் அவள் தலையை நுழைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

ஆனால் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவள் முகம் வந்தால் அவர் கத்தியை நிறுத்திவிடுவார். ஒரு கணம் பார்ப்பார். பிறகு தொடர்வார். தினமும் அது நடந்தது. எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

நர்ஸ் பெண் உள்ளே வந்தாள். இயந்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க்கா. ஆமா, வண்டியில இருந்து எப்பிடி விழுந்தீங்க? இவ்ளோ நீளத்துக்குக் கிழிச்சிருக்கு."

அவளுக்குப் புரியவில்லை.

"சார்தான் சொன்னாருங்க, ஸ்கூட்டர்ல போய் விழுந்துட்டீங்கன்னு."

அவரைப் பார்த்தாள். அவர் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, வெட்கப்பட்டுச் சொல்லியிருப்பார். ஊரார் முன்னால் எதைச் சொல்வது.

"ஆமா," என்றாள். "ஸ்கூட்டர்."

"கவலையே படாதீங்க. மேல கொஞ்சம் மேக்கப் போட்டா இருந்த எடமே தெரியாது. உங்க அண்ணன்கிட்டயும் அதேதான் சொன்னேன்."

இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது.

"யாரு?"

"உங்க அண்ணனுங்க்கா. சார் கூட அன்னைக்கு வந்தாரே, பெரிய மீசை வெச்சுட்டு. மேடையில தாய்மாமன் பக்கத்துல தங்கச்சி நிக்கோணும், போட்டோவுல ஒரு கோடு தெரியக் கூடாதுன்னு என்னைய மெரட்டிட்டுப் போனாரு." சிரித்தாள். "மாமன் மச்சான்னா இப்பிடியில்ல இருக்கோணும். ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. ஒரே டம்ளர் காப்பிய ஆத்திக் குடிச்சாங்க."



நர்ஸ் பெண் கையுறை எடுக்கத் திரும்பினாள்.

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டுட்டாங்க," என்றார் அவர், தாழ்ந்த குரலில். "பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா, மாலை யாரு எடுத்துக் குடுப்பாங்கன்னு. வேனில் தலகுனிஞ்சு நின்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் அவரையே பார்த்தாள்.

"உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். மச்சானும் இப்ப பழைய ஆளு இல்ல."

மச்சான்.

அந்தச் சொல் தடுக்காமல் வந்தது. நாக்குக்குப் பழகிய சொல்போல.

இயந்திரம் மெதுவாகி, நின்றது.

நர்ஸ் பெண் குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். அடியில் சிவப்பு. மேலே மஞ்சள். நடுவில் ஒரு வெளிறிய கோடு.

"அருமையா வந்திருக்குங்க்கா."

தாளை உரித்தாள். ஈரப் பஞ்சால் கிரீமை வழித்தாள். தழும்பு காதிலிருந்து உதடு வரை திரும்ப வந்தது.

"ஊசிக்கு முன்ன ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அப்பறம் ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"அவரையும் சேத்து எடு கண்ணு."

"முகம் மட்டும் போதுமுங்க."

"இருக்கட்டும்."

அவர் எழுந்தார். கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியில் வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார்.

வந்து அவளுடைய வலப்பக்கம் நின்றார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தப் பக்கம்."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். நின்றார். கையை நாற்காலிமேல் வைத்தார். எடுத்துவிட்டார்.

"சார், தலை வரல," என்றாள் நர்ஸ் பெண். "கொஞ்சம் குனியுங்க. இன்னும். அக்கா முகத்துக்குச் சரியா."

குனிந்தார். சவர சோப்பின் வாசனை வந்தது. அவருடைய கழுத்து அவளுடைய இடது கன்னத்துக்கு நேராக வந்து நின்றது.

அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் தன் தலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள்.