உரிக்காத பிளாஸ்டிக்

பள்ளிக்கூட பீரோவில் இரண்டு லேப்டாப்கள் இருந்தன. இரண்டும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தவை. ஒன்று பழசு, பழுது பார்த்துக் கொடுத்தது. இன்னொன்று புத்தம் புதுசு. கெட்டுப்போகக் கூடாதென்று தலைமையாசிரியர் புதுசைத் தொடவே விடவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் அது வெளியே வந்து, சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும்.

பழசு தினமும் வகுப்புக்குப் போய், சாயங்காலம் சாக்பீஸ் தூளோடு திரும்பும்.

“என்னைப் பாருங்கண்ணே, ஒட்டின பிளாஸ்டிக்கூட உரியலை. ஒரு கீறல் உண்டா?” என்றது புதுசு.

“இல்லை தம்பி. இன்னிக்கு எட்டாம் வகுப்பு பர்வீன் வியாழனோட நிலாக்களை எண்ணினா. எண்ண எண்ண வந்துக்கிட்டே இருந்துச்சு” என்றது பழசு.



ஒரு திங்கட்கிழமை பழசின் பேட்டரி போய்விட்டது. மறுநாள் அறிவியல் கண்காட்சி. பாதி முடித்த வேலையைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு பர்வீன் பீரோ முன்னால் நின்றாள். பீரோவைத் திறந்த அறிவியல் ஆசிரியை ஸ்டெல்லா டீச்சரின் கை புதுசின் மேல் போய்த் தயங்கியது.

“கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரேன் டீச்சர்” என்றாள் பர்வீன்.

“சார் கேட்டா நான் சொல்லிக்கறேன். முதல்ல அந்தப் பிளாஸ்டிக்கை உரி.”

வெள்ளிக்கிழமை பழசு புது பேட்டரியோடு பீரோவுக்குத் திரும்பியது. புதுசு அதற்காகவே காத்திருந்தது.

“அண்ணே, என் மூடியோரம் ஒரு கீறல் இருக்கு, தெரியுதா? பர்வீனோட வளையல் பட்டது. நல்லாப் பாருங்க.”