மூன்று விரற்கடை

கடைக்காரர் புதிய துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துக் காட்டினார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. எஸ்தாக்கியின் பார்வையோ மூலையில் சாத்தியிருந்த பழைய துப்பாக்கியிலேயே கிடந்தது.

“அது வேணாம்ணே. அவசரத்துல போல்ட் சிக்கிக்கும். அதை வச்சிருந்தவரைச் சிறுத்தை அடிச்சிடுச்சு. துப்பாக்கி மட்டுந்தான் திரும்பி வந்துச்சு. சிறுத்தை இன்னும் அகப்படல.”

எஸ்தாக்கி அதை எடுத்துத் திருப்பினான். அடிக்கட்டையில் ஆழமாக இரண்டு பல் தடங்கள். நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தான். சரியாக மூன்று விரற்கடை. போன வாரம் மகள் செலினின் உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது, அவள் கழுத்தில் பதிந்திருந்த பல் தடங்களின் நடுவிலும் இதே விரல்களைத்தான் வைத்துப் பார்த்திருந்தான்.

“புதுசையே கட்டிடவாண்ணே?”

“இல்ல. இதக் குடுங்க.”

போல்ட்டை இழுத்தான். பாதியில் சிக்கிக்கொண்டது. மறுபடியும் இழுத்தான்.