அணையாத விளக்குக்கு நூற்றாண்டு

"கூடைய அந்தாண்ட எடு ஆயா, நாறுது" என்றான் பந்தல்காரன்.

அவள் மீன் கூடையை எடுக்கவில்லை.

ஏரித் துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்துக்கு நூறு வயதாம். வெள்ளையடித்து, இடுப்பில் ரிப்பன் கட்டி, கிழவனுக்குக் கல்யாணம் என்பதுபோல் நிறுத்தியிருந்தார்கள்.

மேடையில் நடு நாற்காலி துரைக்கண்ணுவுக்கு. விளக்கைக் காத்த கடைசி ஆள். கழுத்தில் மாலை, தோளில் சால்வை.

"இந்த நூறு வருஷத்துல ஒரு ராத்திரிகூட அணையாத விளக்கு இது!" என்றார் தலைவர் மைக்கில்.

கைதட்டினார்கள்.

அடப்பாவிகளா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

துரைக்கண்ணு மகள் கல்யாண ராத்திரி மேலே விளக்கை ஏற்றவில்லை. கரையில் பந்தல் முழுக்கப் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. ஏரியில் போகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் படகைத் திருப்புவார்கள்.

கூடைக்காரியின் புருஷன் தேசப்பனும் திருப்பினான். கல்யாண வெளிச்சத்தை நம்பி, நேரே பாறையில்.

அப்போது அவள் பந்தியில் இருந்தாள். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு எரிந்தது, குடித்துவிட்டு ஓட்டினான் என்று துரைக்கண்ணு கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். தேசப்பன் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. அன்றிலிருந்து ஊருக்கு அவள் குடிகாரன் பெண்டாட்டி.

பொய்ச் சத்தியம் செய்தவன் நாசமாய்ப் போகவில்லை. மாலையோடு உட்கார்ந்திருக்கிறான்.

குத்துவிளக்கேற்ற அவனை எழுப்பினார்கள்.

ஏரிக்காற்று. குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தான். அதுவும் அணைந்தது. பெட்டி காலியாயிற்று.

"யார்கிட்டயாச்சும் தீப்பெட்டி இருக்கா?" மைக்கில் கேட்டார்கள்.

அவள் படகுத்துறையில் மீன் வறுத்து விற்கிறவள். இடுப்பில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும்.

கூடையோடு மேடை ஏறினாள்.

"புருஷன் இல்லாதவ, விளக்குகிட்ட போறா பாரு" என்றாள் ஒருத்தி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தீப்பெட்டியை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இந்தா. இன்னிக்காச்சும் ஏத்து."

மைக் அங்கேயேதான் இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது.

அன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கிழவர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள்.

பிறகு பந்தலில் ஒரு சத்தம்தான் கேட்டது. அவன் கையில் தீப்பெட்டி கிலுகிலுத்தது.

அவன் அதைத் திறக்கவேயில்லை.