ஒரு வரிகூட மாறக்கூடாது

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மாலுமி, இடுப்பில் வாளோடு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் கடலையும் ஊரையும் மறந்து காதலித்த தலைவன் மகள், பக்கத்து நாற்காலியில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தாள்.

காரிலிருந்து இறங்கிய லோஷினியின் கண் நேராக மாலுமியின் காலுக்குத்தான் போனது. பளிச்சென்று வெள்ளைச் சப்பாத்து.

“ரூபேந்திரன்! என் மாலுமி கப்பல்ல வந்தானா, ஜிம்முல இருந்து வந்தானா?”

“கால் ஷாட்ல வராது டீச்சர்,” என்றார் இயக்குநர் ரூபேந்திரன். “சரி, கழட்டச் சொல்லிடறேன் லா.”

லோஷினி குளுவாங்கில் சரித்திர ஆசிரியை. புயலில் மூவார் ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கும் தமிழ் மாலுமிக்கும் அங்கிருந்த தலைவன் மகளுக்கும் மலரும் காதலை ஐந்து வருடம் உட்கார்ந்து நாவலாக எழுதியவள். பக்கத்துக் காஹாங்கில், தன் வீட்டின் ஜன்னலோர மேசையில், வெளியே பார்த்துப் பார்த்து எழுதிய வர்ணனைகள். ‘மரங்கள் கண்முன்னே நிற்கின்றன’ என்று வாசகர்கள் உருகினார்கள்.

அதைத் தொலைக்காட்சித் தொடராக்க ரூபேந்திரன் கேட்டு வந்தபோது, அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள். நாவலில் உள்ளதுதான் திரையில் வரவேண்டும். ஒரு வரிகூட மாறக்கூடாது.

அவர் முதலில் கேட்டது ஒரு வில்லி மாமியார். அடுத்து, கதாநாயகிக்கு ஓர் இரட்டைச் சகோதரி. பிறகு, விளம்பரதாரர் மனம் குளிர மாலுமி கையில் ஒரு பாக்கெட் காப்பி. எல்லாவற்றையும் லோஷினி சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் மதிப்பெண்ணும் போட்டுத் திருப்பி அனுப்பினாள். மூன்று முறையும் பூஜ்யம்.

இன்று முதல் நாள் படப்பிடிப்பு. அவள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கைக்கு வந்தால்தான் கேமரா ஓடும். திரையில் தன் பெயர் ஓடுவதை எத்தனையோ முறை கற்பனையில் பார்த்துவிட்ட லோஷினி, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

“காதல் காட்சி எங்க எடுக்கறீங்க? காட்டுக்கு இன்னும் எவ்ளோ தூரம்?”

“இங்கதான் டீச்சர்.”

லோஷினி சுற்றிலும் பார்த்தாள். வரிசை வரிசையாக, பாமாயில் எடுக்கும் செம்பனை மரங்கள். அடுக்கிவைத்தாற்போல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை.

“செம்பனைத் தோட்டத்துலயா? செம்பனை எப்ப வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? வெள்ளைக்காரன் காலத்துல ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது! என் ஃபோம் டூ பிள்ளைங்கள கேட்டாக்கூட சொல்லும்!”

“டீச்சர், ஒரு நிமிஷம்...”

“என்ன ஒரு நிமிஷம்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க குலை வெட்ட ஆள் இருந்தாங்களா? மாலுமி என்ன, லோரி ஓட்டவா வந்தான்? அலமாக்! புத்தகத்தத் தொறந்தாவது பாத்தீங்களாய்யா?”

உதவி இயக்குநர் மலர், கலர் கலராகச் சீட்டு ஒட்டிய நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நீ பேசாத மலர். படிக்கத் தெரியாதவங்க கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

கடிதம் இரண்டானது. பிறகு நான்கானது. துண்டுகள் காய்ந்த செம்பனை ஓலைமீது விழுந்தன. மாலுமி மெல்லுவதை நிறுத்தினான். தலைவன் மகள் முதல்முறையாகக் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எண்டாவ் பக்கம் நல்ல காடு பாத்து, பெர்மிட்டே வாங்கி வச்சிருந்தோம் டீச்சர்,” என்றார் ரூபேந்திரன், துண்டுகளைப் பார்த்தபடி. “உங்க நிபந்தனைக்காகத்தான் அத கேன்சல் பண்ணோம்.”

“என் நிபந்தனைக்கா?”

மலர் சிவப்புச் சீட்டு ஒட்டிய பக்கத்தைப் பிரித்து அவள்முன் நீட்டினாள்.

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம் டீச்சர். ‘செம்பனைகளின் நிழலில் அவன் அவள் கையைப் பற்றினான்.’”