வாய்தா கேட்ட அணில்

மேகங்கள் தரையில் இறங்கித் தூங்கிய காலம் அது. பனிமூட்டத்துக்குள் ஒரு குளம், கரையோரம் ஒரு பாறை. அதுதான் கோர்ட்டு. நீதிபதி ஆமை. பேர்போன வக்கீல் நாரை. அந்த நாரையிடம் ஜூனியராகச் சேர வேண்டும் என்பது அணிலின் ஆசை.

"கோர்ட்டில் நின்ன அனுபவம் உண்டா?" என்று கேட்டது நாரை.

"சேர்த்துக்கிட்டாத்தானே ஐயா அனுபவம் வரும்?"

"வந்ததும் சொல்லு, சேர்த்துக்கறேன். இப்போ மழை விடட்டும்."

மழை விட்டதும் அணில் போய் நின்றது. "நாவல் பழுக்கட்டும்," என்றது நாரை. நாவல் பழுத்து உதிர்ந்ததும் போனது. "தண்ணி தெளியட்டும், பார்ப்போம்." குரலில் அப்படி ஒரு தேன். கேட்கிறபோது அணிலுக்குக் கண் சொக்கும். மரத்துக்குத் திரும்பிய பிறகுதான் அழுகை வரும்.

ஒருநாள் ஒரு வளைக்காக நண்டுக்கும் தவளைக்கும் வழக்கு. நாரை நண்டின் பக்கம். சாட்சி நத்தை இன்னும் வந்து சேரவில்லை. வாய்தா கேட்க எழுந்த நாரைக்குக் காலையில் விழுங்கிய கெண்டை தொண்டையில் குறுக்கே நின்றது. பேச்சே வரவில்லை.

"யாரும் பேசலேன்னா வளை தவளைக்குத்தான்," என்றது ஆமை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அணில் பாறைமேல் தாவியது. "கனம் கோர்ட்டார் அவர்களே, மழை விடட்டும். நாவல் பழுக்கட்டும். தண்ணி தெளியட்டும், பார்ப்போம்."

அதே தேன். ஆமைக்குக் கண் சொருகியது. "ஆகட்டும், ஆகட்டும்," என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கெண்டை ஒருவழியாக இறங்கியதும் நாரை கேட்டது: "இவ்வளவு அழகா வாய்தா கேட்க எங்கே கத்துக்கிட்டே?"

"உங்க வாசல்லதான் ஐயா."

நாரை சிரித்துவிட்டது. "சரி, நாளைக்கு வந்து சேர்ந்துக்கோ."

அணில் நகரவில்லை. நாரையின் காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.