மேலேயா, கீழேயா

காலை வெயில், இத்தனை நாளும் கட்டில் அடைத்திருந்த தரையில் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஒற்றை அறை மைதானமாகத் தெரிகிறது. தச்சர் சுவரில் பொருத்திய புதுப் பலகையை இறக்கினால் கட்டில். தூக்கினால் அதன் அடிப்பக்கம் மேசையாக விரியும். கணவனின் யோசனை. மரத்தூளை ஊதிவிட்டு, மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலையையும் தொடங்கிவிட்டான். கதவு திறக்கிறது. இரவுப் பணி முடிந்து வந்த நர்ஸ் மனைவி, கண் சொக்க நிற்கிறாள். "கட்டில் எங்கங்க?" "இதுக்குள்ளதான்! ராத்திரி கட்டில், பகல்ல மேசை. வீடே பெருசாயிடுச்சுல்ல?" "ராத்திரி நான் ஆஸ்பத்திரியில இருப்பேனே." கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இரவுப் பணிதான். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்துகொள்கிறான். மூலையில் கிடந்த தலையணையை எடுத்து அவளும் அணைத்துக்கொள்கிறாள். கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த தச்சர் மேசையை மடக்கி, பலகையைப் பாதிவரை இறக்குகிறார். "இருங்க, பத்து மணிக்கு மீட்டிங் இருக்கு," என்கிறான் கணவன். பலகை அந்தரத்தில் நிற்கிறது. இருவரும் வெயில் விழுந்த வெறுந்தரையைப் பார்க்கிறார்கள். "மேலயா கீழயா சார்? கை வலிக்குது," என்கிறார் தச்சர்.