வாளியை ஒளித்தவள்

மகாதேவி கடைசி வாளியையும் மரத்திலிருந்து கழற்றிச் சத்தம் வராமல் கராஜுக்குள் கொண்டுபோய் ஒளித்தாள். சொந்த வீட்டுத் தோட்டத்திலேயே கள்ளி மாதிரிப் பதுங்கி நடக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எல்லாம் அவள் கணவன் நவரத்தினத்தால் வந்த வினை. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ட்ராம் ஓட்டுகிற மனுசன், மாசி பிறந்து இரவில் உறைபனியும் பகலில் வெயிலும் மாறிமாறி வரத் தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் இருக்கமாட்டார். தோட்டத்து மேப்பிள் மரங்களில் சின்னத் துளை போட்டு, குழாய் செருகி, வாளி கட்டிவிடுவார். சொட்டுச்சொட்டாகச் சேர்கிற சாற்றை வெளியிலேயே அடுப்பு மூட்டி, பெரிய கிடாரத்தில் ஊற்றி நாள் முழுக்கக் காய்ச்சுவார். கிடாரம் நிறையக் காய்ச்சினால், தேன் மாதிரி இனிக்கிற பாணி ஒரு போத்தல் மிஞ்சும். அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

மற்ற வருசம் என்றால் மகாதேவியும் தோசைக் கல்லோடு கூட நிற்பாள். இன்றைக்கு முடியுமா? மகள் கம்சனா விரும்பிய பொடியனின் தாய் தகப்பன் ஆஹென் நகரத்திலிருந்து கலியாணம் பேச வருகிறார்கள். அடுத்த கிழமை காய்ச்சினால் என்ன என்று கெஞ்சிப் பார்த்தாள். சேர்ந்த சாறு பழுதாய்ப் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவர் விறகு பிளக்கப் போய்விட்டார்.

அவள் பயந்தது வேறு விசயத்துக்கு. யாழ்ப்பாணத்தில் மரத்தில் முட்டி கட்டிக் கள் இறக்குகிறவர்கள் எந்த ஆட்கள் என்று குழந்தைக்கும் தெரியும். பொடியனின் தகப்பன் கதிர்காமநாதனோ தொலைபேசியில் முதல் கேட்ட கேள்வியே, ஊரில் நீங்கள் எவடம் என்பதுதான். சாதி பார்க்கிறவனைத் தவிர வேறு யார் அப்படிக் கேட்பார்கள்? ஆஹெனில் சொந்தமாக மருந்துக்கடை வேறு வைத்திருக்கிற பெரிய இடம். மரத்தில் வாளி தொங்குவதைக் கண்டுவிட்டுத் தங்களையும் அந்த ஆட்கள் என்று நினைத்தால், பிள்ளையின் கலியாணம் அதோடு சரி.

அவர்கள் வீட்டில் ஒருவரும் சாதி பார்ப்பதில்லை என்று கம்சனா காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். மகாதேவியின் காதில் ஏறினால்தானே. யன்னலுக்கு ஓடினாள், அடுப்படிக்கு ஓடினாள், கட்டின சேலையை மாற்றினாள், மறுபடியும் பழையதையே கட்டினாள்.

கார் வந்து நின்றது. வந்தவர்களை வரவேற்பறைக்குள் இருத்தி வடையைக் கொடுத்து அப்படியே அனுப்பிவிடுவதுதான் அவள் திட்டம். கதிர்காமநாதன் புகை மணத்தைப் பிடித்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குள் நடந்தார். வாளியைத்தான் ஒளித்தாளே தவிர, குழாயைப் பிடுங்க அவளுக்கு நினைவு வரவில்லை. மரத்தடியில் நின்றவரின் கோட்டில் சாறு சொட்டென்று விழுந்தது.

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஏன் வாளியைக் கழட்டினனீங்கள்? எல்லாம் நிலத்திலையெல்லே போகுது."

நவரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கராஜுக்குள் ஓடிப்போய் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதிர்காமநாதன் அதை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் கழுவுறனீங்களோ? கழுவாட்டிப் புளிச்சுப்போம்."

அவருடைய மனைவி பிறேமா அவரின் கையை மெல்ல இடித்தாள். மகாதேவிக்கு அது போதும். புளிப்பு என்று கள்ளைத்தான் குத்திக் காட்டுகிறார், மனைவிக்கே அது பொறுக்கவில்லை.

ஆனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுப்பைச் சுற்றிக் கதிரை போட்டு இருந்தார்கள். சுடச்சுடத் தோசையும் புதுப் பாணியும் வந்தன. கதிர்காமநாதன் கரண்டியை வழித்து நக்கிவிட்டு, நல்ல பதம் என்றார். பிறேமா கம்சனாவைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினாள். கலியாணத்தை ஆவணியில் வைக்கலாமா என்று தொடங்கிய பேச்சு, மண்டபம் பிடிப்பது வரைக்கும் போய்விட்டது.

அதோடு மகாதேவி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால்தானே! கண் போகிற இடமெல்லாம் அந்த வாளிதான் தெரிந்தது. இவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, நாளைக்கு ஒரு சாட்டுச் சொல்லிக் கலியாணத்தை நிறுத்திவிட்டால்? அந்தச் சந்தேகத்தை இப்போதே வேரோடு பிடுங்கிவிடவேண்டும்.

"அண்ணை, இந்த வாளியைப் பாத்துப் பிழையா நினைக்காதேங்கோ," என்றாள். "இது இவருக்கு ஒரு விசர், அவ்வளவுதான். மரத்திலை இறக்கிற ஆக்களை ஊரிலை நாங்கள் படலைக்கு வெளியிலைதான் நிப்பாட்டுறனாங்கள். அந்த ஆக்களுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

சொல்லி முடித்ததும் காலையிலிருந்து நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. முதன்முறையாகக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கதிர்காமநாதன் கரண்டியைத் தட்டில் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"அப்பிடி வெளியிலை நிண்டவையிலை என்ர அப்பரும் ஒராள், தங்கச்சி."